‘இந்தா, பக்கந்தான்’: மலைவழித் தூரச் சொற்கள் குறித்து ஓர் ஆய்வு

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையே இவ்வாய்வின் களம். கருவிகள்: ஒரு தண்ணீர் பாட்டில், நான்கு இட்லி, டால்பின் நோஸ் பாறை தாண்டியதும் சிக்னலைத் தொலைத்துவிட்ட ஒரு செல்போன். வழியில் தகவல் தந்தோர் நால்வர். ஆட்டம் கண்ட முழங்கால்கள் இரண்டு; இரண்டும் ஆய்வாளருடையவை.

முதல் தகவலாளர் விறகுக்கட்டோடு எதிரே ஏறிவந்த ஓர் அம்மா. வெள்ளகவி எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, “இந்தா, பக்கந்தான் தம்பி. ரெண்டு முக்கு திரும்பினா ஊரு” என்றார். முக்குகளை நேர்மையாக எண்ணினேன். பதினேழாவது முக்கில் இரண்டாம் தகவலாளர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதும் ‘ரெண்டு முக்கு’தான். ஒளியின் வேகத்தைப் போல, கேட்பவன் எங்கே நின்று கேட்டாலும் மாறாத அளவு இது என்று தெரிகிறது. ‘முக்கு மாறிலி’ எனப் பெயர் சூட்ட முன்மொழிகிறேன்.

‘இந்தா’ என்ற சொல்லுக்கு இலக்கணத்தில்தான் விளக்கம் தேட வேண்டியிருந்தது. தொல்காப்பியர் அ, இ, உ என்று மூன்று சுட்டுகள் சொன்னார். அருகிலும் இல்லாமல் தொலைவிலும் இல்லாமல் நடுவே இருப்பதைச் சுட்டும் ‘உ’ யாழ்ப்பாணப் பேச்சில் ‘உது’, ‘உவன்’ என்று இன்னும் உயிரோடிருக்கிறது. நம் பக்கம் அதைத் தொலைத்துவிட்டோம். விளைவு, அந்த நடுத் தூரம் முழுவதும் ‘இந்தா’வின் தலையில் விழுந்துவிட்டது. நான் நடந்ததெல்லாம் காணாமல் போன அந்த உகரத்துக்குள்தான்.

மூன்றாம் தகவலாளர் பாதை பிரியும் இடத்தில், கையை அசைக்காமல் மோவாயால் மட்டும் காட்டி, “கிழக்க எறங்குங்க சார்” என்றார். செல்போன் திசைகாட்டியோ அந்தப் பாதை தெற்கே போவதாகச் சொன்னது. வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது: மேற்கு என்ற சொல் மேலிலிருந்தும் கிழக்கு கீழிலிருந்தும் வந்தவை. மனிதர் திசை சொல்லவில்லை, வேர்ச்சொல் சொல்லியிருக்கிறார். அந்த அளவில் அவர் சொன்னது துல்லியம். கிழக்கு காலுக்கடியில் செங்குத்தாகத்தான் கிடந்தது.

மனிதச் சான்றுகள் இப்படியிருக்க, நம்பத்தக்க சான்று ஒன்றே ஒன்று: குதிரை லத்தி. இந்த மலையில் அரிசி மூட்டையும் சிமென்டும் பொதிக்குதிரை முதுகில்தான் போகின்றன. குதிரை ஊருக்குத்தான் போகும். காட்சி முனை பார்க்கப் போகாது. காய்ந்து நார் நாராக உதிர்ந்தால் பழைய பயணம். ஈரப்பச்சையாக, ஈ மொய்த்தபடி இருந்தால் குதிரை அடுத்த திருப்பத்திலேயே நிற்கலாம், ஒதுங்கிக்கொள்ளவும். ஒரு கிளைப்பாதை அகலமாக, அழைப்பு விடுப்பதுபோல இருந்தது. லத்தி இல்லை. ஆய்வாளர் அதிலேயே முக்கால் மணி நேரம் போய், ஒரு காப்பித் தோட்டத்து வேலியைக் கண்டு, திரும்பி வந்தார். இந்தப் பகுதியை விரிக்க விருப்பமில்லை.

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்குப் போட்டார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம்; இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இறக்கத்துக்கு அவர் தனியாக எதுவும் கூட்டவில்லை. வட்டக்கானல் பக்கம் வந்திருந்தால் கூட்டியிருப்பார்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் சரளைக்கல் குத்த நொண்டியபடி நுழைந்தேன். திண்ணையில் ஒரு பெரியவர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். நான்காம் தகவலாளர்.

“ஐயா, கும்பக்கரைக்கு இன்னும் எவ்வளவு நேரமாகும்?”

உரிப்பதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், கையில் தொங்கிய ஷூவைப் பார்த்தார்.

“உங்களுக்கா, எங்களுக்கா?”