செவ்வாய்க்கிழமை அதிகாரி

ஸ்பெயினின் தெற்குக் கரையில், மாலகாவுக்கு மேற்கே ஃபுவென்ஹிரோலா என்ற கடலோர ஊரில், செவ்வாய்தோறும் திருவிழா மைதானத்தில் சந்தை கூடுகிறது. காலை ஒன்பது மணிக்குக் கடை விரித்தால் பிற்பகல் இரண்டு மணிக்குள் சுருட்டிவிடுவார்கள். ஒன்பதடிக்கச் சில நிமிடம் இருக்கும்போதே, அரைக்கால் சட்டை, வெள்ளைக் காலுறை, அதன்மேல் செருப்பு என்ற கோலத்தில், சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். அனேகமாகப் பிரிட்டன்காரர், டென்மார்க்காரராகவோ பின்லாந்துக்காரராகவோகூட இருக்கலாம். (பின்லாந்துக்காரர்கள் அந்த ஊரின் லோஸ் பாகோஸ் பகுதியில் தங்களுக்கென்று பள்ளிக்கூடமே வைத்திருக்கிறார்கள்.) பணி ஓய்வு பெற்று, வெயிலுக்காக இந்தக் கரைக்குக் குடிவந்தவர். இவரை வாடிக்கையாளர் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். இவர் வாங்க வருவதில்லை, பணிக்கு வருகிறார். ஓய்வு பெற்றது சம்பளத்திலிருந்து மட்டும்தான். மேலாய்வு செய்யும் அதிகாரத்தை அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

நம்பாதவர்கள் அவருடைய வாரத்தைப் பார்க்கலாம். திங்கள் மார்பெய்யா, செவ்வாய் ஃபுவென்ஹிரோலா, புதன் எஸ்தெபோனா, வியாழன் டோரெமொலினோஸ், வெள்ளி பெனல்மாதெனா, சனிக்கிழமை மறுபடி ஃபுவென்ஹிரோலாவில் பழம்பொருள் சந்தை, ஞாயிறன்று எஸ்தெபோனா துறைமுகம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கிழமை என்பது வியாபாரிகளுக்குத் தோதான ஏற்பாடு. ஒரே வேனை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிழைக்கலாம். நம்மவரோ இதைத் தமக்குப் போட்டுக் கொடுத்த சுற்றுப்பயணத் திட்டமாக எடுத்துக்கொண்டார். ஆலிவ் ஊறுகாய்க்காரர் அவரைத் திங்களன்று பார்த்தார், செவ்வாயன்றும் பார்க்கிறார். இரண்டு நாளும் பூண்டு போட்டதில் ஒன்று, காரமானதில் ஒன்று என்று வாயில் போட்டுப் பார்த்து, "போன வாரத்துக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று அவர் தீர்ப்புச் சொல்வார். கிழக்கே அக்சார்கியா மலைச்சரிவுகளில் விளையும் மாம்பழம் செப்டம்பர், அக்டோபரில் வந்து குவியும்போது ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். அழுத்தப்பட்ட பழங்களுக்கும் விற்ற பழங்களுக்கும் உள்ள விகிதம் பழக்காரருக்கு மனப்பாடம். காலுறை விற்கும் ஹிதானோ (ஸ்பெயினின் ரோமா இனத்தவர்) குடும்பத்துப் பாட்டி ஒரு வாரம் வராவிட்டால் முதலில் கவனிப்பவரும் இவரே. கவலைப்படுவார் என்பது உண்மை. ஆனால் அதில், சொல்லாமல் விடுப்பு எடுத்துவிட்டாளே என்ற தொனியும் கொஞ்சம் இருக்கும்.

சிக்கனத்துக்காகத்தான் வருகிறார், இதில் கேலிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய ஓய்வூதியம் பவுண்டில் வருகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்ற 2016 பொது வாக்கெடுப்புக்குப் பிறகு யூரோவுக்கு எதிரே பவுண்டு இறங்கிய இறக்கத்தை அவரைப்போல் அனுபவித்தவர்கள் குறைவு. சந்தையில் தக்காளி மலிவு என்பதும் பொய்யில்லை. ஆனால் ஒரு வாரத்துக்கான காய்கறியைச் செவ்வாயன்றே வாங்கியவருக்கு வியாழக்கிழமை டோரெமொலினோஸில் என்ன வேலை? மாலகாவிலிருந்து வரும் புறநகர் ரயில் ஃபுவென்ஹிரோலாவோடு நின்றுவிடுகிறது, மார்பெய்யாவுக்கு ரயிலே கிடையாது. ஆகவே திங்களன்று பேருந்துக் கட்டணம் அல்லது பெட்ரோல், போய்ச் சேர்ந்ததும் ஒரு காபி, காபிக்குத் துணையாக எண்ணெயில் பொரித்த சூடான சுர்ரோ. ஒரு கிலோ தக்காளியில் மிச்சம் பிடித்தது முதல் காபியிலேயே கரைந்துபோகும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. பயணப்படி கிடைக்காத ஆய்வுப் பயணம் என்று தாங்கிக்கொள்கிறார்.

சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தையைச் சொல்லி வேறு சிலர் மடக்குவார்கள்: அங்கே புதையல் கிடைக்குமே! ஐந்து யூரோவுக்கு வாங்கிய அழுக்குப் படம் பெரிய ஓவியரின் கைவேலையாக இருந்த கதையை இந்தக் கரையில் கேட்காதவர் இல்லை. வாங்கியவர் மட்டும் எப்போதும் பக்கத்து ஊர்க்காரர். மதிப்புள்ளதை மோப்பம் பிடிக்கும் பழம்பொருள் வியாபாரிகள், வேன் கதவு திறக்கும்போதே கையை விட்டு எடுத்துப் போய்விடுவார்கள். மிச்சமாக விரிப்பில் கிடப்பவற்றைச் சற்று நின்று பார்த்தால் வேறொன்று புரியும். பூப்போட்ட ஆங்கிலேயத் தேநீர்க் கோப்பைகள், கோல்ஃப் மட்டைகள், ஆங்கிலத்திலும் ஸ்வீடிஷிலும் முனை மடங்கிய துப்பறியும் நாவல்கள், வடக்கே குளிர்காலத்துக்கு வாங்கிய கம்பளிக் கையுறை. ஸ்பானியப் பழமை இதில் குறைவு. இவரைப்போல் வந்து குடியேறி, பிறகு ஊர் திரும்பியவர்களோ உலகைவிட்டே போனவர்களோ விட்டுச்சென்ற வீட்டுச் சாமான்கள்தான் அதிகம். இவர் ஒரு கோப்பையைத் தூக்கி, கவிழ்த்து, அடியில் இருக்கும் முத்திரையைப் படித்து, பேரம் பேசி, பாதி விலைக்கு வந்ததும் வைத்துவிட்டு நகர்வார். விலையைக் குறைத்ததோடு ஆய்வு முடிந்தது. எப்போதாவது வாங்கிவிட்டால் அது அவர் வீட்டு அலமாரியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இதே விரிப்புக்குத்தான் வந்து சேரும்.

தனிமை அவரை இழுத்து வருகிறது என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. காபிக் கடையில் சக அதிகாரிகள் நான்கைந்து பேர் அவருக்காகக் காத்திருப்பது மெய்தான். ஆனால் அங்கே நடப்பது ஆய்வுக் கூட்டம்: திராட்சை என்ன விலை, வண்டி நிறுத்த இடம் எப்படி, போலிக் கைப்பைக்காரர்கள் போலீஸைக் கண்டதும் விரிப்பின் நான்கு மூலைக் கயிற்றையும் ஒரே இழுப்பில் இழுத்து மூட்டையாக்கி எத்தனை நொடியில் மறைந்தார்கள். துணைக்காகத்தான் வருகிறார் என்றால் உள்ளூர்ப் பெண்களோடு ஒரு வார்த்தையாவது பேசியிருப்பார். அவர்களோடு அவருக்கு நிரந்தரத் தகராறு, காரணம் வரிசை. ஸ்பானியப் பெண்மணி பழக்கடைக்கு வந்ததும் "கடைசி ஆள் யார்?" என்று கேட்பார். யாரோ கை தூக்குவார்கள். அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்துக் கடையில் திரைச்சீலை பார்க்கப் போய்விடுவார். முறை வந்ததும் வந்து வாங்குவார். ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் நிற்பதையே வரிசை என்று அறிந்த நம்மவர் கண்ணுக்கு இது பட்டப்பகல் அத்துமீறல். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாய் ஸ்பானியம் போதும். அதிகாரிகள் கேட்பதில்லை, குறித்துக்கொள்கிறார்கள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு 2020-இல் விலகியதில் இந்தப் பணியிலும் ஒரு பிளவு வந்தது. குடியிருப்பு உரிமை பெற்றவர்கள் நிரந்தரப் பணியாளர்கள். மற்ற பிரிட்டன்காரர்களுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்க அனுமதி என்பதால் தற்காலிகப் பணியாளர்கள். 90 நாளையும் ஒரே மூச்சில் தங்கினால் 12 அல்லது 13 செவ்வாய்க்கிழமைதான் தேறும். நிரந்தரர் தற்காலிகரைப் பார்க்கும் பார்வையில் இரக்கம் குறைவு, பணிமூப்பு அதிகம்.

அந்த நிரந்தரருக்கும் அக்டோபரில் ஒரு சோதனை வரும். ஜெபமாலை மாதா திருவிழாவுக்காக ஃபுவென்ஹிரோலா மைதானத்தில் ராட்டினங்களும் கொட்டகைகளும் எழும்பிவிடும். அந்தச் செவ்வாயன்று வீட்டில் இருக்கலாமே என்றால் கேட்கமாட்டார். மாலகாவையும் தாண்டி, எண்பது கிலோமீட்டர் கிழக்கே நெர்ஹாவிலும் செவ்வாயன்றுதான் சந்தை. அயல்பணியில் அங்கே போய், மாம்பழத்தை அழுத்திப் பார்த்து, இந்த ஊரில் ஒழுங்கே சரியில்லை என்று மதியத்துக்குள் முடிவு செய்துவிடுவார்.