வாசலைக் காத்தவர்கள் வாழ்க

வாஷிங்டன் நகரத்து வானத்துக்கு அமெரிக்க அரசு போட்டிருக்கும் காவலைப் போல முறையும் ஒழுங்கும் உள்ள ஒன்றைக் காண்பது அரிது. போட்டோமாக் ஆற்றங்கரையில் இருக்கும் ரேகன் தேசிய விமான நிலையத்தில் ஒரு தனியார் விமானம் இறங்க வேண்டுமானால் என்னென்ன செய்ய வேண்டும் என்று படித்துப் பார்த்தால், அந்த விதிகளை எழுதியவர்களின் அக்கறை விளங்கும். அதைப் பாராட்டாமல் இருப்பது நன்றல்ல.

முதலில் அவர்களுடைய நிதானம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்டவை நான்கு பெரிய பயணிகள் விமானங்கள். அவற்றில் ஒன்று ரேகன் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பென்டகன் மீது மோதியது. பெரிய நிறுவனங்களின் விமானங்கள் அக்டோபர் 4ஆம் தேதியே ரேகனுக்குத் திரும்பிவிட்டன. ஆறு பேர், எட்டுப் பேர் உட்காரும் தனியார் விமானங்களுக்கோ 2005 அக்டோபர் வரை அந்த வாசல் திறக்கவில்லை. திறப்பதற்கு ஒரு திட்டம் வகுக்கச் சொல்லி 2003இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிய பிறகும் அவர்கள் அவசரப்படவில்லை. பழியில் பங்கில்லாதவர்களை நான்கு ஆண்டுகள் காக்க வைக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

அடுத்து அவர்களுடைய நுணுக்கம். போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ. 2005இல் கொண்டுவந்த திட்டத்தில் எதுவும் விடுபடவில்லை. விமானிகளும் ஊழியர்களும் கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி ஆய்வுக்கு உட்பட வேண்டும். பயணிகளின் பெயர்ப்பட்டியல் 24 மணி நேரத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். புறப்படும் இடத்தில் ஆட்களையும் பைகளையும் விமானத்தையும் அதிகாரிகள் சோதிப்பார்கள். விமானத்துக்குள் ஆயுதம் தாங்கிய பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கான செலவு விமானத்தை இயக்குபவருடையது. அதற்கு மேல் பின்னணி ஆய்வுக்கு ஆளுக்கு 15 டாலர், சோதனைக்கு விமானத்துக்கு 296 டாலர் என்று கட்டணம் விதித்தார்கள். நாளொன்றுக்கு 48 விமானங்களுக்கு மேல் கூடாது என்று எல்லையும் வைத்தார்கள். இத்தனையையும் கடந்து வருகிறவரைப் பற்றி அரசுக்குத் தெரியாதது எதுவும் மிச்சமிருக்காது.

வழிகாட்டுவதிலும் குறை வைக்கவில்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் நேராக வந்துவிட முடியாது. குறித்த வாயில் நிலையங்களில் இறங்கி, சோதனை முடித்துத்தான் வர வேண்டும். தொடக்கத்தில் அப்படிப்பட்ட நிலையங்கள் 12. வாஷிங்டனுக்குத் தெற்கே அருகிலேயே இருக்கிறது ரிச்மண்ட். அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பட்டியலில் வாஷிங்டனுக்கு மிக அருகில் இருந்தது வடகிழக்கே உள்ள பிலடெல்பியா. ஆக, ரிச்மண்ட்காரர் தாம் போக வேண்டிய ஊரைத் தாண்டி வடக்கே போய், அங்கே சோதனைக்கு நின்று, மறுபடி தெற்கே திரும்பி வர வேண்டியிருந்தது. நாட்டின் இன்னோர் ஊரையும் அவருக்குக் காட்டி அனுப்பிய உபசாரம் அது.

தராசு பிடிப்பதிலும் அவர்கள் தேர்ந்தவர்கள். அதே நிலையத்தின் அதே ஓடுபாதையில் 60, 70 பேரையும் அதைவிட அதிகமானவர்களையும் ஏற்றிய பெரிய விமானங்கள் நாள் முழுக்க இறங்குகின்றன. அவற்றில் வருகிறவர் காலையில் சீட்டு வாங்கி மாலையில் பறக்கலாம். கைரேகை தர வேண்டியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்குப் போய்வர நம்பியிருப்பதும் அந்த விமானங்களைத்தான். எதற்கு வாசல் அகலமாக இருக்க வேண்டும், எதற்குக் குறுகலாக இருக்க வேண்டும் என்பதைக் காவலர்கள் சரியாகவே அறிந்திருக்கிறார்கள்.

கேட்காமல் வருகிறவர்களிடம் இந்தக் காவல் காட்டிய பெருந்தன்மையையும் சொல்லியாக வேண்டும். 2015 ஏப்ரல் 15 அன்று புளோரிடாவைச் சேர்ந்த தபால்காரர் ஒருவர், தேர்தலில் பணம் ஆடும் ஆட்டத்தைக் கண்டித்து, நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 535 கடிதங்களை எடுத்துக்கொண்டு சிறிய கைரோகாப்டரில் ஏறினார். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, நாடாளுமன்றக் கட்டடத்தின் மேற்குப் புல்வெளியில் வந்து இறங்கினார். ரேடாரில் அது பறவைக் கூட்டத்திலிருந்து பிரித்தறிய முடியாத ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது என்று பின்னர் விளக்கம் தந்தார்கள். அனுமதி கேட்டவரின் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண், அனுமதி கேட்காதவரைப் பறவையாகவே எண்ணி வரவேற்றது.

இவை எல்லாவற்றையும் விட நான் வியப்பது, காவலர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையை. பயணிகளைச் சோதிப்பது டி.எஸ்.ஏ.; வான்வழியை நடத்துவது எஃப்.ஏ.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து நிர்வாகம். அதே வானத்தில் ராணுவமும் பயன்படுத்தும் ஹெலிகாப்டர் பாதைகள் உண்டு. நாடாளுமன்றத்துக்குத் தனிப் போலீஸ் உண்டு. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்ற நாகரிகம் இவர்களுக்குள் உண்டு.

2004 ஜூன் 9ஆம் தேதி, முன்னாள் அதிபர் ரேகனின் இறுதிச் சடங்குக்காக கென்டக்கி மாநில ஆளுநரின் விமானம் வந்தது. விமானத்தை அடையாளம் காட்டும் கருவி பழுதாகியிருந்தது. எஃப்.ஏ.ஏ.வுக்கு அது தெரியும். வரலாம் என்று விட்டார்கள். மற்ற காவலர்களுக்குத் தெரியாது. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து மக்கள் உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். 2022 ஏப்ரல் 20 அன்று பேஸ்பால் மைதானம் ஒன்றில் ராணுவப் பாராசூட் வீரர்கள் குதித்துக் காட்டுவதற்காக ராணுவ விமானமே வந்தது. நாடாளுமன்றப் போலீசுக்கு முன்கூட்டித் தகவல் போகவில்லை. மறுபடியும் கட்டடம் காலியானது. இரண்டு முறையும் வந்தவர்கள் அனுமதி பெற்றவர்கள். ஊர்க்காரரிடம் 24 மணி நேரத்துக்கு முன்பே பட்டியல் கேட்கிறவர்கள், தங்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பைக் கூடக் கேட்டுப் பெறாத அளவுக்குப் பண்பானவர்கள்.

2025 ஜனவரி 29 இரவு அந்தப் பண்பு அதன் உச்சத்தைத் தொட்டது. கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவிலிருந்து வந்த பயணிகள் விமானம் ரேகன் நிலையத்தின் 33ஆம் ஓடுபாதையை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் 64 பேர். பனிச்சறுக்கு நடனப் பயிற்சி முகாம் முடிந்து பெற்றோருடன் வீடு திரும்பிய சிறுவர் சிறுமியரும் அவர்களில் இருந்தார்கள். சோதனையைக் கடக்காமல் எந்தப் பயணியும் அந்த விமானத்தில் ஏறியிருக்க முடியாது. ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் இருந்த மூவரும் அரசின் முழு நம்பிக்கைக்கு உரியவர்கள். இரண்டும் ஆற்றின் மேல் மோதின. 67 பேரும் இறந்தார்கள். யாரிடமும் வெடிகுண்டு இல்லை. யாருக்கும் தீய எண்ணம் இல்லை. காவல் எதைத் தேடிப் பழகியிருந்ததோ அது எதுவும் அங்கே இல்லை.

ஹெலிகாப்டர் பாதையின் உச்ச வரம்பு அந்த இடத்தில் 200 அடி. 33ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அந்தப் பாதைக்கும் இடையே இருக்கக்கூடிய இடைவெளி சுமார் 75 அடிதான் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அளந்து சொன்னது. தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி சமிக்ஞை அன்று ஹெலிகாப்டரிலிருந்து வரவில்லை. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த நிலையத்தருகே பயணிகள் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஒரு கடல் மைலுக்கும் குறைவான தொலைவில், 400 அடிக்கும் குறைவான உயர வேறுபாட்டில் கடந்துசென்ற நிகழ்வுகள் 15,214. அவற்றில் 85 முறை பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் உட்பட்ட நெருக்கம். இவை யாரும் ஒளித்து வைத்த ரகசியமல்ல. அரசின் பதிவுகளிலேயே இருந்தவை. கைரேகையின் கோடுகளை எண்ணுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை எடுத்துப் பார்க்க நேரம் அமையவில்லை.

விபத்துக்குப் பிறகு, 2025 மார்ச்சில், அந்த இடத்தில் ஹெலிகாப்டர் பாதைக்கு முடிவு கட்டினார்கள். தனியார் விமானத்தில் வருகிற ஓர் அந்நியரைப் பற்றி அவர் புறப்படும் முன்பே எல்லாவற்றையும் அறிந்துகொள்கிற காவல் இது. தன் சொந்த வானத்தைப் பற்றி அறிந்துகொள்ள அதற்கு 67 உயிர்கள் வேண்டியிருந்தன.

கேள்வி கேட்பதில் இவர்களுக்கு நிகர் இல்லை என்பதை மனதாரச் சொல்கிறேன். யார் நீ, எங்கிருந்து வருகிறாய், உன்னோடு யார், உன் பையில் என்ன: எல்லாம் சரியான கேள்விகள். அதே கேள்விகளை எஃப்.ஏ.ஏ. ராணுவத்திடமும், போலீஸ் எஃப்.ஏ.ஏ.விடமும், எல்லோரும் தங்கள் பதிவேட்டிடமும் அதே கண்டிப்போடு கேட்கட்டும். 24 மணி நேரத்துக்கு முன்பே கேட்கட்டும். பதில் வரும்வரை யாரையும் பறக்கவிடாமல் இருக்கட்டும். இவர்களுக்குத் தெரியாத வித்தையை நான் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளாக மற்றவர்களிடம் செய்து தேர்ந்ததை ஒருமுறை தங்களிடமும் செய்யச் சொல்கிறேன்.