ஐந்தாவது நாட்டு இனம்

நம் மண்ணின் நாய் இனங்கள் எவை என்று கேட்டால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நான்கு விரல் மடக்கி மார்தட்டுவோம். ஐந்தாவது விரல் சும்மா இருப்பானேன்? அதற்கும் ஓர் இனம் உருவாக்கி வைத்திருக்கிறோம்: சொறிநாய். இதை வளர்க்கப் பெரிய திறமை வேண்டாம். பிறந்த குட்டியைத் தெருவில் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தால் போதும்.

இந்த இனத்துக்கு எஜமான் ஒரு சிற்றுண்ணி. சார்கோப்டிஸ் என்று பெயர். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பு. பெண் உண்ணி நாயின் தோலுக்குள் சுரங்கம் குடைந்து முட்டையிடும். மூன்றே வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். டெண்டர் கிடையாது, கமிஷன் கிடையாது. ஊரில் கெடு தவறாமல் முடிகிற ஒரே சுரங்க வேலை இதுதான்.

வைத்தியத்திலும் நாம் சளைத்தவர்களா? மெக்கானிக் கடையில் வடித்த கழிவு ஆயிலை நாயின் மேல் ஊற்றுவோம். அது நக்கும், நஞ்சு உள்ளே போகும். நாய் செத்தால் சொறியும் ஒழிந்தது, கைராசி வைத்தியர்! சிலருக்கு அந்தச் செலவும் ஆகாது, வெந்நீரே போதும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பத்து ரூபாய்க்குப் பல கடைகளில் டீ கிடைக்காது; ஓர் உயிரை அவித்துப் பார்க்கலாம்.

மருந்து இல்லாத நோயா இது? ஐவர்மெக்டின் இருக்கிறது. அதற்கு மூலமான பொருளைக் கண்டெடுத்த சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மருத்துவர் அளவு பார்த்துச் சில தவணை கொடுத்தால் உதிர்ந்த முடி மறுபடி முளைக்கும். ஸ்டாக்ஹோம் வரை போன மருந்துக்கு நம் தெருமுனைக்கு மட்டும் வழி தெரியவில்லை.

நோயுற்ற நாயைத் தனியே பிரித்து, சிகிச்சை கொடுத்து, அதன் பிறகே கருத்தடை செய்ய வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளே சொல்லிவிட்டன. காகிதத்தில் எல்லா நாயும் பளபளவென்று இருக்கிறது. கருத்தடைக்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டத் தெரிந்த கண்ணுக்கு, அந்தக் காதோரம் வெடித்துப் புண்ணான தோல் மட்டும் தெரிவதில்லை.

ஆனால் மேடைக்கு மேடை எதிராளியைத் திட்ட அந்த நாய் வேண்டும். நோயைப் பெயராக்கி, பெயரை வசவாக்கியாயிற்று. மருந்துச் சீட்டு மட்டும் எழுதவில்லை.

அந்த உண்ணி மனிதர் மேலும் ஏறும். சில நாள் அரிக்கும். குடும்பம் பெருக்க முடியாமல் ஓய்ந்துவிடும். பாவம், எத்தனை தோலைக் குடைந்த பூச்சி! நம் தோலிடம்தான் தோற்றுப்போகிறது.