இளஞ்சிவப்பு வெந்நீரும் குடியேற்றப் படிநிலைகளும்: வைப்பின் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

வெளியூர் போய்ப் படிக்கும் மாணவர் எப்போது அந்த ஊர்க்காரர் ஆகிறார்? விடுதிச் சேர்க்கை, அடையாள அட்டை, உள்ளூர் நண்பர்கள் என்று பலரும் பலவற்றைச் சொல்வர். அவை மேலோட்டமானவை. சாப்பாட்டுக் கடையில் இலைக்கு முன்னால் வைக்கப்படும் ஒரு கிளாஸ் வெந்நீரே சரியான அளவுகோல் என்பதை இக்கட்டுரை நிறுவும். செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போவது வெளிநாட்டுப் பயணம் ஆகுமா என்ற வாதத்தில் அது இறங்கவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியின் எடையே அதற்குப் பதில்.

ஆய்வுக் களம்

கொச்சியை ஒட்டிய வைப்பினைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே தீவே வந்தேறிதான். 1341-ல் பெரியாற்று வெள்ளம் கொண்டுவந்து தள்ளிய மண்ணில் உருவானது என்பார்கள். அந்த ஆண்டைத் தொடக்கமாக வைத்துப் புதுவைப்பு ஆண்டு என்றொரு கணக்கும் இருந்தது. மேலும், 1947-ல் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. ஆக, ராமநாதபுரத்திலிருந்து மீன்வளம் படிக்க வரும் பையனுக்கு முன்னோடி உண்டு. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வந்த பிறகும் ஃபோர்ட்கொச்சிக்குப் படகுதான் குறுக்குவழி என்பதால், படகுத்துறைச் சாப்பாட்டுக் கடைகளில் ஆய்வுக்கு ஆள் பஞ்சமில்லை.

முதல் நிலை: ஐயம்

கிளாசில் இருப்பது இளஞ்சிவப்பு, ஆவி பறக்கிறது. பீட்ரூட் அலசிய தண்ணீரா? தனியாகக் காசு வாங்குவார்களா? கை கழுவவா? மாணவர் பக்கத்து மேசையைப் பார்க்கிறார். பக்கத்து மேசை மத்தி வறுவலைப் பார்க்கிறது. "குடிச்சோ மோனே, பதிமுகமாணு" என்கிறார் கடைச் சேச்சி. ஐயம் இரட்டிப்பாகிறது. பாட்டில் தண்ணீர் வாங்கப்படுகிறது.

இரண்டாம் நிலை: ஆராய்ச்சி

பதிமுகம் என்பது சப்பங்க மரத்தின் வைரத்தைச் செதுக்கிய சிராய். பிரேசிலின் என்ற நிறமி அதில் இருக்கிறது. வறுவலோடு வந்த எலுமிச்சைத் துண்டை மாணவர் கிளாசில் பிழிகிறார். சிவப்பு மளமளவென்று வெளுத்து மஞ்சளாகிறது. அமிலம் பட்டால் மஞ்சள், காரம் பட்டால் சிவப்பு: பத்தாம் வகுப்பு லிட்மஸ் தாளின் வேலையை மரச்சிராய் செய்கிறது. மகிழ்ச்சியில் அவர் நிமிர, சேச்சி அந்தக் கிளாசை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கிறார். விளக்கம் கேட்கவில்லை.

மூன்றாம் நிலை: பழக்கம்

கிளாஸ் காலியாகிறது, குடித்தது குடித்தவருக்கே தெரிவதில்லை.

மறுப்புக்கு மறுப்பு

மட்ட அரிசிச் சோறே அளவுகோல் என்று ஒரு சாரார் கூறுவர். ஏற்பதற்கில்லை. பசித்தால் எந்தச் சோறும் இறங்கும். பசிக்குக் கொள்கை கிடையாது. பச்சைத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் கை வெந்நீருக்குப் போவதல்லவா குடியேற்றம்!

முடிவு

இறுதிச் சான்று வைப்பினில் கிடைக்காது. ஓணம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவர், வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் சாப்பிட உட்கார்ந்து, "அம்மா, வெந்நி இல்லையா?" என்று கேட்க வேண்டும். அம்மா பதறிப்போய் நெற்றியில் கைவைத்து, "காய்ச்சலாடா?" என்று கேட்டுவிட்டால், குடியேற்றம் முழுமையடைந்தது எனக் கொள்க.