கீமோ நாளில் மீன் எண்ணெய் மாத்திரை வேண்டாம்

கே: மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 புற்றுநோயைக் குணப்படுத்துமாமே?

ப: குணப்படுத்தியதற்குச் சான்று கிடையாது. வராமலாவது தடுக்குமா என்று அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்தாண்டுக்கு மேல் சோதித்தார்கள். பாதிப்பேருக்குத் தினம் 1 கிராம் ஒமேகா-3, மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை. 2018-ல் முடிவு வந்தது: புற்றுநோய் குறையவில்லை.

கே: கீமோ எடுக்கும் அப்பாவுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கிறேன். கெடுதல் இல்லையே?

ப: டாக்டரைக் கேட்டீர்களா? நெதர்லாந்தில் எமில் வூஸ்ட் குழுவினர், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்ட எலிகளுக்கு மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். கட்டி மருந்துக்கு மசியவில்லை. காரணம், எண்ணெயில் துளியளவே இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம். மீன் எண்ணெய் குடித்தவர்களின் ரத்தத்திலும் அது ஏறுவதை 2015-ல் காட்டினார்கள். மனிதருக்கும் கீமோ பலிக்காமல் போகும் என்று நிரூபணமாகவில்லைதான். ஆனாலும் கீமோவை ஒட்டிய நாட்களில் தவிர்க்கச் சொல்கிறார்கள். அடுத்த முறை மாத்திரை டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கே: ரேஷன் பாமாயிலை நிறுத்திவிடலாமா?

ப: பயந்து நிறுத்த வேண்டாம். பாமாயிலில் பாமிட்டிக் அமிலம் ஏறக்குறைய 44 சதவீதம். அது புற்றுச் செல்களைப் பரவத் தூண்டுகிறது என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2021-ல் கண்டார்கள், எலிகளில். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிறைய இருக்கும் ஓலியிக், லினோலியிக் அமிலங்கள் அப்படிச் செய்யவில்லை. கட்டுப்படியானால் இந்த எண்ணெய்களையும் மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

கே: மீன் சாப்பிடாதவர்களுக்கு ஆளிவிதை போதுமா?

ப: அதிலும் ஒமேகா-3 உண்டு, ஆனால் வேறு வகை. மீனில் உள்ள வகையாக உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மாற்றும். மருந்தாக நினைக்காமல் சாப்பாடாகச் சாப்பிடுங்கள்.

கே: அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு நெய், எண்ணெய், தேங்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். உடம்பு உருகிக்கொண்டே போகிறது.

ப: தயவுசெய்து இன்றே திரும்பக் கொடுங்கள், டாக்டர் தடுத்திருந்தால் ஒழிய. கொழுப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது, அம்மாதான் கிடப்பார். இந்த நோயே தசையைக் கரைக்கும். உடம்பு இளைத்தால் கீமோவையும் தாங்காது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, சோற்றின் மாவுச்சத்தில் 4 தான். ரசஞ்சாதம் இரண்டு வாய்தான் இறங்குகிறதென்றால், அந்த இரண்டு வாயிலும் நெய் இருக்கட்டும். இளைப்புக்கு மீன் எண்ணெய் தரலாம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டி; சான்று போதாது என்கிறது அமெரிக்க வழிகாட்டி. அதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் இருப்பார். அம்மாவின் எடையைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள்.