மோர் கேட்கும் சொற்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் 'டால், டாலர், டாலஸ்ட்' என்று வாலை ஒட்டினால் போதும். 'பியூட்டிஃபுல்' மட்டும் ஏன் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' கேட்கிறது?

பதில்: நீளமான சொல். சொல்லி முடிப்பதற்குள் தாகமெடுத்து மோர் கேட்கிறது! அசையை எண்ணுங்கள். ஓரசைச் சொல்லுக்குப் பெரும்பாலும் பின்னால் 'அர்', 'எஸ்ட்'. மூன்றசையோ அதற்கு மேலோ என்றால் முன்னால் மோர், மோஸ்ட். தகராறெல்லாம் ஈரசையில்தான். 'ஹேப்பி' போல 'இ' ஒலியில் முடிவது 'ஹேப்பியர்' ஆகும். 'கேர்ஃபுல்' மோர் குடித்தே தீரும். 'கிளெவர்' இரண்டுக்கும் சம்மதிக்கும்.

1865-ல் வந்த ஆலிஸ் கதையில் லூயிஸ் கேரல், 'கியூரியஸ்' என்ற மூன்றசைச் சொல்லுக்கு வேண்டுமென்றே 'அர்' ஒட்டினார். வியப்பில் அந்தச் சிறுமிக்கு நல்ல ஆங்கிலமே மறந்துபோனதாம். ஓர் இலக்கணப் பிழையை வைத்தே குழந்தை மனத்தைக் காட்டிய அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

'குட், பெட்டர், பெஸ்ட்' எந்தக் கணக்கிலும் அடங்காது. குட்டுக்கும் பெட்டருக்கும் வேரே வேறு, மனப்பாடம்தான் வழி. ஆனால் 'மோர் பெட்டர்' வேண்டாம். ஷேக்ஸ்பியர் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் மோஸ்ட்டையும் எஸ்ட்டையும் ஒரே சொல்லுக்குச் சூட்டியிருக்கிறாரே என்பீர்கள். அவர் காலத்தில் அது அழுத்தம் கூட்டும் வழக்கு. 1762-ல் ராபர்ட் லவுத் தம் இலக்கண நூலில் அந்த இரட்டை அலங்காரத்தைத் தவறு என்றார். உங்கள் விடைத்தாளைத் திருத்துபவர் லவுத் கட்சிக்காரராகத்தான் இருப்பார்.