முட்டியைப் பிடித்த சனி

வாங்க மாப்ளே, வாங்க. என்ன, காலை இழுத்துக்கிட்டு வர்றீங்க? போன வாரம் இதே தெருவுல புது ஷூவைப் போட்டுக்கிட்டு ஓடுனீங்க. யாரோ களவாணிப் பயன்னு நம்ம போலகம் ஊரு நாயெல்லாம் தொரத்துச்சு. இன்னைக்கு அதுவளே பரிதாபப்பட்டு வழி விடுதே!

ஒக்காருங்க. தரையில குந்தாதீங்க, திண்ணையில ஒக்காருங்க. காலை மடக்க மடக்க முட்டிச்சில்லுல பாரம் ஏறும். படி எறங்கறப்ப சுருக்குன்னு குத்துதுன்னீங்களே, அது அதான்.

எதுக்கு இந்த ஓட்டம்? பத்தாயிரம் அடி கணக்கா? அது எப்புடி வந்துச்சு தெரியுமா மாப்ளே? 1965-ல ஜப்பான்ல இடுப்புல மாட்டி அடி எண்ணுற கருவி ஒண்ணு விக்க வந்துச்சு. அதுக்குப் பேரே 'பத்தாயிரம் அடி மானி'. யாவாரத்துக்கு வச்ச பேரு, ஒங்க முட்டியில வந்து குந்திக்கிச்சு. நடக்குறது நல்லதுதான். ஆனா இருவது வருசம் நாற்காலியைத் தேச்சுட்டு, ஏழே நாள்ல வட்டியும் மொதலுமா வசூல் பண்ண, முட்டி என்ன ஒங்களுக்குக் கடன் பட்டிருக்கா?

அதுலயும் காரைக்கால் கடற்கரை மணல்ல ஓட்டம். காஞ்ச மணல்ல கால் பொதையும். ஈர மணலு கெட்டிதான், ஆனா கடலைப் பாத்துச் சாஞ்சு கெடக்கும். ஒரு கால் மேட்டுல, ஒரு கால் பள்ளத்துல ஓடுனா முட்டி என்னத்துக்கு ஆவும்? சமதரையா ரோடு கெடக்குறது கண்ணுல படலியா?

திருநள்ளாத்துக்குப் போயி எள்ளு தீபம் போடணும்னு தங்கச்சி சொல்லுதாமே. போடுங்க. ஆனா அங்க இருக்கறவரு யாரு? சனி பகவான். அவருக்கே கால் ஊனம். இராவணன் வெட்டிப்புட்டான்னு கதை. சனைச்சரன்னா மெல்லப் போறவன்னு அர்த்தம். ஒரு ராசியைத் தாண்ட ரெண்டரை வருசம். ஓடுனதும் இல்ல, ஓஞ்சு படுத்ததும் இல்ல. தோதுப்படலன்னா வக்கிரமாயி பின்னாலயும் வருவாரு. அந்த நடையிலயே ஊரு ஒலகத்தை ஆட்டி வைக்கிறாரா இல்லியா? ஒங்க முட்டிக்கு வைத்தியமும் அந்த நடைதான்.

ரெண்டு நாளு ஓட்டத்துக்கு லீவு விடுங்க. படுத்தே கெடக்கச் சொல்லல, வீட்டுக்குள்ள நடமாடுங்க. ஐஸைத் துணியில சுத்தி கால் மணி நேரம் வைங்க. பெறவு, முட்டியைத் தாங்குற தொடைக்கு வேலை குடுங்க. மல்லாக்கப் படுத்து ஒரு காலை மடக்கிக்கிட்டு, வலிக்கிற காலை நீட்டுனபடி ஒரு சாண் தூக்குங்க. அஞ்சு எண்ணி எறக்குங்க. பத்துத் தடவை. தங்கச்சி சீரியல் பாக்குறப்பவே செய்யலாம். நீங்க வலியில அழுதாலும் சீரியலுக்குன்னு நெனச்சுக்கும்.

அப்பறம் நடை. பத்து நிமிசத்துல ஆரம்பிங்க, வாராவாரம் கொஞ்சம் கூட்டுங்க. லேசா வலிச்சு, மறுநாள் காலையில விட்டுப் போச்சுன்னா அளவு சரி. மறுநாளும் வலிச்சா வக்கிரம்தான்; பாதியாக் கொறைங்க.

தொப்பையையும் கொஞ்சம் கவனிங்க. முட்டி தேஞ்ச கனத்த ஆளுவளை வச்சு அமெரிக்காவுல அளந்து 2005-ல எழுதியிருக்காங்க: ஒடம்புல ஒரு கிலோ கொறைஞ்சா, எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் கொறையுமாம். அதனால தங்கச்சி வறுக்குற வஞ்சிரத்துல ரெண்டு துண்டு இஞ்ச அனுப்புனா, ஒங்க முட்டிக்கும் நல்லது, என் நாக்குக்கும் நல்லது.

இது எதுவும் தோதுப்படலன்னா நம்ம காரைக்கால் அம்மையாரு வழி இருக்கு. தலையாலயே நடந்து கைலாசம் போனாங்க. முட்டிக்கு வேலையே இல்ல. ஆனா கழுத்து வலிக்கு எங்கிட்ட மருந்து கெடையாது.

வெளையாட்டு போவட்டும். முட்டி பொசுக்குன்னு வீங்குனாலும், மடக்குன காலை நீட்ட முடியாம பூட்டிக்கிட்டாலும், நிக்கறப்ப நழுவுனாலும், காலை ஊனவே முடியலன்னாலும், சூடும் காய்ச்சலுமா இருந்தாலும் இந்தப் பக்கம் வராதீங்க. இந்தத் திண்ணையில எக்ஸ்ரே எடுக்க மாட்டாங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

இல்லன்னா ரெண்டு நாள் கழிச்சு, ஷூவை மாட்டிக்கிட்டு இந்தத் திண்ணை வரைக்கும் மெல்ல நடந்து வாங்க. நாய் தொரத்தலன்னா, வேகம் சரியா இருக்குன்னு அர்த்தம்.